ஒட்டுப்போட்ட இஸ்பேட் ஜாக்கி

1. எனக்குப் பதினோரு வயதானபோது, பிரான்சிலிருந்து வந்த ஒரு சீட்டுக்கட்டு எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது. ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு சீட்டு, உபரியாக ஒன்று.

2. அந்த ஐப்பசியிலேயே அதில் ஒன்றைத் தொலைத்தேன். இஸ்பேட் ஜாக்கி.

3. அதற்குப் பதிலாக நானே ஒரு ஜாக்கியை ஒட்டித் தயாரித்தேன்.

4. அந்தக் கட்டை வைத்து அப்பாவும் அவருடைய கூட்டாளியும் பல வருடங்கள் ஜோடியாக ஆடினார்கள்.

5. நான் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளி சீட்டில் குறி வைத்து ஆடுகிறார் என்று சித்தப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்.

6. அப்பா வாய் திறக்கவில்லை.

7. கூட்டாளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான்கு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

8. போன வருடம் முப்பத்திரண்டு சீட்டையும் நான் மைக்ரோமீட்டரில் அளந்தேன்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால் முதலில் இப்படித்தான் எழுதச் சொல்வார்கள். நடந்ததை, நடந்த வரிசையில். காரணம், யார்மேல் தப்பு என்பதெல்லாம் அடுத்த பக்கத்தில். தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பதால் இந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் வந்துவிட்டது. ஆனால் மேலே இருக்கும் எட்டு வரிகளில் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. அவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீடு செலியமேட்டில். நெல்லும் கொஞ்சம் கரும்பும். வீட்டை ஒட்டி டிராக்டர் நிறுத்தத் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டிராக்டரை வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, கொட்டகைக்குள் பாய் விரித்து நான்கு பேர் உட்காருவார்கள். அப்பா, அவருக்கு எதிரே அவருடைய கூட்டாளி. சித்தப்பா, அவருக்கு எதிரே பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர். கூட்டாளி பாகூர் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஊரே அவரைப் பாய் என்று கூப்பிட்டது. அவர் அப்பாவை மச்சான் என்பார், ஆகவே எனக்கு அவர் மாமா.

ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. அது எங்கள் ஊர் ஆட்டம் இல்லை. மாஹேயிலிருந்து மாற்றலாகிப் பாகூர் அரசு அலுவலகத்துக்கு வந்த ஒருவர், இரண்டு வருடம் மாமா கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம். நான்கு ஜாதியிலும் ஏழிலிருந்து மேலே உள்ள எட்டுச் சீட்டு மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கி. அதற்கு மூன்று புள்ளி. அடுத்தது ஒன்பது, அப்புறம் ஆசு, பத்து. ராஜாவும் ராணியும் அதற்கும் கீழே, புள்ளியே கிடையாது.

"ராஜாவ வேலக்காரன் வெட்டுற ஆட்டம். அதான் இந்த வூட்ல எவனும் சொன்ன பேச்சு கேக்க மாட்றீங்க" என்பாள் அம்மா, டீ டம்ளர்களைக் கொண்டுவந்து வைக்கும்போது.

மாஹேக்காரர் ஆட்டத்தோடு ஒரு தண்டனையையும் விட்டுப் போயிருந்தார். தொடர்ந்து தோற்கும் ஜோடி காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் பக்கம் அதற்குப் பலா இலை, வெற்றிலைக் காம்பு என்று ஏதேதோ உண்டாம். எங்கள் வீட்டில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப். ஒரு தோல்விக்கு ஒரு கிளிப். ஜெயித்தால்தான் கழற்றலாம். இரண்டு காதிலும் பச்சை கிளிப்போடு சித்தப்பா கவனமாகச் சீட்டைப் பிரித்துப் பார்க்கும் முகம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

"காது வலிக்குதுன்னா சொல்லுடா, மூக்குக்கு மாத்தி வுடலாம்" என்பார் மாமா.

"நீ ஆடு பாய். வாயால ஆடாத, கையால ஆடு."

முதலில் கடையில் கிடைக்கும் சீட்டுக்கட்டில்தான் ஆடினார்கள். ஐம்பத்திரண்டில் இரண்டு முதல் ஆறு வரை உருவிவிட்டால் முப்பத்திரண்டு நிற்கும். மிஞ்சும் இருபது சீட்டும் எனக்கு. அவற்றில் படமே இருக்காது, வெறும் எண்கள். அதை வைத்து நான் தரையில் வீடு கட்டுவேன், கணக்கு வாய்ப்பாடு போடுவேன்.

எதிர் வீட்டில் இருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். வருடத்தில் பாதி நாள் மகனோடு பிரான்சில் இருப்பார், மீதி நாள் இங்கே. ஒருமுறை திரும்பி வந்தபோது கொட்டகைக்கு வந்து சற்றுநேரம் ஆட்டத்தைப் பார்த்தார்.

"இது அங்கியும் இருக்குப்பா. வேற பேரு. அதுக்குன்னே தனியா கட்டு விக்கிறான்" என்றார்.

அடுத்த முறை வரும்போது அந்தக் கட்டைக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் ஆட்டத்துக்கு முப்பத்திரண்டே சீட்டு. இரண்டு முதல் ஆறு வரை அச்சடிக்கவே இல்லை. மாஹேயிலிருந்து வந்த ஆட்டத்துக்குப் பிரான்சில் கட்டு தயாராகிறது என்பது எங்கள் நான்கு ஆட்டக்காரர்களுக்கும் பெரிய ஆச்சரியம். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், படங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதிவைத்தேன். இந்த ஊர்க் கட்டு, அந்த ஊர்க் கட்டு. இங்கே ராஜாவுக்கு K, அங்கே R. இங்கே ராணிக்கு Q, அங்கே D. ஜாக்கிக்கு இங்கே J, அங்கே V. ஆசுக்கு A இல்லை, வெறும் 1. அங்கே ஒவ்வொரு ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் ஒரு பெயர், வகுப்பில் சட்டையில் பெயர் குத்திக்கொண்டு வருவதைப் போல. முதுகில் இங்கே சிவப்புப் பூவேலை, அங்கே நீலக் கட்டம்.

பெயர்களிலும் ஒற்றுமை கிடையாது. ஜாக்கி என்பது அப்பா சொல்வது. மாஹேக்காரர் அதைக் குலான் என்பாராம். சொல்தா வாலே என்றார். கண்டக்டர் அவருடைய ஊர் வழக்கப்படி மந்திரி என்பார். ஒரே பாயில் நான்கு பெயர். யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை. கண்டக்டர் மட்டும் முதல் இரண்டு வாரம் R-ஐப் பார்த்தால் ராணி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தாடி வைத்த ராணியா என்று சித்தப்பா ஒரு மாதம் விடாமல் கேட்டார்.

இஸ்பேட் ஜாக்கியைத் தொலைத்தது இந்த நோட்டினால்தான். படத்தைப் பார்த்து வரைவதற்காக அதை மட்டும் எடுத்து ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருந்தேன். மழைக்காற்று அடித்தது. சீட்டு வாய்க்காலில் விழுந்து, நான் ஓடி வருவதற்குள் மதகைத் தாண்டிவிட்டது.

அழுதேன். பிறகு யோசித்தேன். கட்டோடு வந்த உபரிச் சீட்டு ஒன்று இருந்தது. முகத்தில் ஏதோ விளம்பரம், முதுகில் அதே நீலக் கட்டம். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, விளம்பரத் தாளை மட்டும் உரித்தேன். பழைய கட்டிலிருந்த இஸ்பேட் ஜாக்கியின் முகத்தையும் அதே மாதிரி உரித்தேன். மைதாப் பசை தடவி இரண்டையும் ஒட்டி, நான்கு நாள் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். ஓரம் அதிகமாக இருந்ததை அம்மாவின் கத்தரிக்கோலால் சரிசெய்தேன். ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் ஒளிக்காமல் பாயின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

நான்கு பேரும் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். முன்பக்கம் நம் ஊர் ஜாக்கி. பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண் மட்டும் தெரியும்படி இருப்பவன். பின்பக்கம் அசல் நீலக் கட்டம்.

"யப்பா, இவ இன்ஜினியருடா!" என்றார் கண்டக்டர்.

மாமா அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒருமுறை வளைத்துப் பார்த்தார். "சூப்பர்மா" என்றார். அன்றிலிருந்து அவன் பெயர் ஒத்தக் கண்ணன்.

அன்றிலிருந்துதான் மாமா, தன் முறை வரும்போது கட்டைக் கலைத்து என்னிடம் நீட்ட ஆரம்பித்தார். "நீ போடும்மா. வார்னிஷ் கை, சீட்டு ஒட்டும்." ஆட்டம் தொடங்குமுன் சீட்டை எண்ணிப் பார்ப்பது என் வேலை, அதனால் பாயோரத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதலில் நான்கு பேருக்கும் நான்கு நான்காக, ஏலம் முடிந்து துருப்பு வைத்ததும் மறுபடி நான்கு நான்காக. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைக்காரர்கள் சோம்பேறிகள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

படிப்புக்காக நான் காரைக்கால் விடுதிக்குப் போனேன். ஒரு ஞாயிறு சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

அன்று சித்தப்பா மகளைக் கேட்டு மடுகரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்து, சாப்பிட்டு, ஆண்கள் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பந்தி ஆகப்போகிறவரும் இருபத்தெட்டு தெரிந்தவர். வேடிக்கை பார்த்தார். சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு காதில் கிளிப். மாமா சீட்டுப் போட்ட ஆட்டத்தில் இஸ்பேட் ஜாக்கி சித்தப்பாவுக்கு வந்தது. மாமா தன் கையில் இருந்த இஸ்பேட்டை எல்லாம் முதலிலேயே கழித்துவிட்டு, சித்தப்பா ஜெயித்துவிட்ட முகத்தோடு ஜாக்கியைப் போட்டதும் ஒரு சின்னத் துருப்பைப் போட்டு வெட்டிவிட்டார். சித்தப்பாவின் இரண்டாவது காதுக்கும் கிளிப். சம்பந்தி சத்தமாகச் சிரித்தார்.

"அதுக்கப்பறம் உன் சித்தப்பன் ஆடிட்டான்டி" என்றாள் அம்மா. "ஜாக்கி எங்க கீதுன்னு எப்டி இவனுக்குத் தெரியும், சீட்ல குறி வெச்சி ஆடறான், வருசக்கணக்கா இதான் பண்றான்னு. வந்தவங்க முன்னாடி. பாய் உங்கப்பாவ பாத்தாரு. உங்கப்பா பாய பாக்கல, பாயில இருக்கற கோட்ட பாக்குறாரு."

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்வாரு? இந்தப் பக்கம் தம்பி. அந்தப் பக்கம் சம்பந்தி வூடு."

மாமா அன்றைக்கு எழுந்து போனதோடு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. சித்தப்பா மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை போனது, மாமா வரவில்லை. சொல்தா பிரான்சிலேயே தங்கிவிட்டார். கொட்டகையில் டிராக்டர் நாள் முழுக்க நின்றது. எங்கள் மோட்டார் புகைந்தால் அப்பா அதைப் பாகூருக்குக் கொண்டுபோகாமல், பாகூரைத் தாண்டி வில்லியனூருக்குக் கொண்டுபோனார். அது ஒரு போகத்தில் இரண்டு முறை எரிந்தது. பயிர் வாடும் வேளையில் அப்பா வரப்பில் உட்கார்ந்து யாருக்கும் போன் செய்யாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டேன்.

அப்போது எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தகடுகளைத் தினமும் தொட்டுத் தொட்டு விரலுக்கே ஒரு கணக்கு வந்திருந்தது. போன வருடம் ஒரு விடுமுறை நாளில் பீரோவைத் துடைக்கும்போது கட்டு கைக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் நான்கு கைகளுக்குப் போட்டேன். மூன்றாவது சுற்றில் ஒரு சீட்டு விரலில் வேறுமாதிரி நின்றது. திருப்பினேன். ஒத்தக் கண்ணன்.

திரும்பக் கலைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பத்து முறை போட்டதில் ஒன்பது முறை சரியாகச் சொன்னேன்.

மறுநாள் கட்டை வேலைக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் மைக்ரோமீட்டரில் அளந்தேன். முப்பத்தொரு சீட்டும் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. ஒன்று மட்டும் மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு கூடுதல் தடிமன். பக்கத்து மேசையில் இருந்த ஒடிசாக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். அவள் ஊரில் சீட்டு வட்டமாக இருக்கும், துணியில் அரக்குப் பூசிக் கையால் வரைவார்கள் என்றாள். "கையால் செய்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். அப்போது எதுவும் காட்டிக்கொடுக்காது" என்றாள் ஆங்கிலத்தில். என் சீட்டுக்கட்டில் கையால் செய்தது ஒன்றே ஒன்று.

அந்தச் சனிக்கிழமை பாகூர் கடைக்குப் போனேன். மாமா தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் கருகிய கம்பியை உருவிக்கொண்டிருந்தார். கம்பியைக் கையில் வாங்கினாலே அது எத்தனை கேஜ் தடிமன் என்று சொல்லிவிடுகிறவர் அவர். அதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதையும் சீட்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"வாம்மா. வேலையெல்லாம் எப்டி இருக்கு?" என்றவர், நான் நீட்டிய சீட்டைப் பார்த்தார். "இவன் இன்னும் இருக்கானா?"

"இது மத்ததவிட தடிமன் மாமா. அளந்துட்டேன். உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? நாலு நாள் அரிசி மூட்டைக்கு அடில வெச்சி எடுத்தாந்துட்டு நிக்கிற. மூஞ்சிய பாக்கணுமே அன்னிக்கு. தூக்கிப் போடுன்னா சொல்ல முடியும்?" கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். "அதான் உன்ன போடச் சொல்லிட்டேன். நான் போட்டாத்தான தெரியும்."

"நான் காரைக்கால் போன அப்பறம்?"

"கண்ண மூடிக்கலாம். கைய எங்க மூடறது? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி ஆடிடுவேன்."

"அன்னிக்கு?"

மாமா உருவிய கம்பியை ஓரமாகப் போட்டார்.

"அன்னிக்குத் தெரிஞ்சேதான் ஆடுனேன்" என்றார். "உங்க சித்தப்பன் வந்தவங்க முன்னாடி பெரிய ஆளு மாதிரி ரொம்பப் பேசுனான். இன்னொரு கிளிப்ப மாட்டிப் பாக்கலாம்னு தோணிச்சு. ஒரே ஒரு ஆட்டம். அது தப்புதான். ஆனா குறி வெச்சேன்னான் பாரு. வருசக்கணக்கான்னான். உங்கப்பன் கேட்டுக்கினு உக்காந்திருந்தான். அவன் 'டேய், நிறுத்துடா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே சீட்ட காட்டியிருப்பேன்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒட்டிய சீட்டு, மாமாவுக்கு முதலிலேயே தெரிந்தது, என்னைப் போடச் சொன்னது, அந்த ஒரு ஆட்டம். கடைசியைச் சொல்லாமல் விடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். விட்டால் அது முழுசான அறிக்கை ஆகாது.

"கிளிப்புக்காகவா?" என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. "நான் அப்டி நெனைக்கவே இல்லம்மா அவன. ஆனா சொல்லல."

மறுநாள் காலை மோட்டாரை டிரெய்லரில் ஏற்றினார். நானும் கூடப் போனேன். கடை வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு அப்பா இறங்காமல் சற்றுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மாமா வெளியே வந்து நின்றார்.

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும்" என்றார் அப்பா.

"பேசியிருக்கணும்தான்" என்றார் மாமா. டிரெய்லரில் ஏறி மோட்டாரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "எவன் கட்டுனது இத? வில்லியனூரா? கம்பிய சுத்தச் சொன்னா கயிறு மாதிரி திணிச்சி வெச்சிருக்கான். இதுலதான் நீ ரெண்டு போகம் தண்ணி எறச்சியா மச்சான்?"

"ஒன்ற போகம்."

"எறக்கு."

அன்று சாயங்காலம் சித்தப்பாவிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "அப்ப நான் சொன்னது கரெக்ட்தானே!"

"வருசக்கணக்கான்னு சொன்னீங்க சித்தப்பா. குறி வெச்சாருன்னீங்க. வெச்சது நான்."

"எவன் வெச்சா இன்னா? ஆடுனான்ல?" என்றார். அவர் பக்கம் அது உண்மை. மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது, அவன் கேட்கட்டும், நான் கேட்கிறேன் என்றார். மாமாவிடம் கேட்டால் அவரும் அதையேதான் திருப்பிச் சொல்கிறார்.

இப்போதைய நிலை இதுதான். எங்கள் மோட்டார் மாமா கடைக்குத்தான் போகிறது. அவர் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வீட்டுக்கு வருகிறார். அப்பாவும் அவரும் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மின்சார நேரத்தையும் கரும்பு வெட்டு ஆளையும் பற்றிப் பேசுகிறார்கள். அவர் வண்டி நிற்பதைப் பார்த்தால் சித்தப்பா வாசலோடு திரும்பிவிடுகிறார். புதுக் கட்டு ஒன்று வாங்கி, இரண்டு முதல் ஆறு வரை உருவித் தயாராக வைத்திருக்கிறேன். கண்டக்டர் கூப்பிட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தெட்டு ஆட நான்கு பேர் வேண்டும். மூன்று பேர் இருக்கிறார்கள். நான்காவது ஆளாக என்னை உட்காரச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.